குடிநீர் காப்பாற்றிய கால்வாயும் பண்ணைக்காரர் காப்பாற்றிய மடமும்



ஒரு நாள் சுற்றுலா என்றாலே அவசரம்தான். பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், மறுபடியும் ஏற வேண்டும். லிவர்பூலிலிருந்து காலையில் புறப்பட்டு, வட வேல்ஸில் உள்ள லாங்கோலென் என்ற சிற்றூரைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் குழுக்களுக்கும் இதே நிலைதான். ஆனால் நல்ல வழிகாட்டி வாய்த்துவிட்டால், ஒரே நாளில் இரண்டு பெரிய கதைகள் கிடைத்துவிடும்.

முதலாவது கால்வாய். டீ ஆற்றின் பள்ளத்தாக்கைப் படகு கடக்க வேண்டும் என்பதற்காக, தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் பான்ட்கசில்டே என்ற இடத்தில் இரும்புத் தொட்டிப்பாலம் கட்டினார்கள். 1795-இல் தொடங்கிய வேலை 1805-இல் முடிந்தது. நீளம் 307 மீட்டர். உயரம் 38 மீட்டர். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்பு மட்டுமே! படகில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் கீழே ஆறு தெரியும். துணிச்சல் இல்லாதவர்கள் ஊருக்குள்ளேயே குதிரை இழுக்கும் படகில் போகலாம். 1884 முதல் அங்கே அது நடக்கிறது.

இந்தக் கால்வாயை மூடிவிட 1944-இல் நாடாளுமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. சரக்குப் படகுகள் நின்றுபோன பிறகு அதனால் யாருக்கு என்ன லாபம்? ஆனாலும் அதைத் தூர்க்கவில்லை. ஊருக்கு மேலே, குதிரை லாட வடிவத்தில் டெல்ஃபோர்ட் அமைத்த அணையிலிருந்து ஆற்று நீரைக் கால்வாய்தான் எடுத்துச் சென்றது. செஷயர் மக்களின் குடிநீருக்காக அந்த நீர் இன்றும் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அழகுக்காக யாரும் அன்று அதைக் காப்பாற்றவில்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது 2009-இல்தான்.

அடுத்தது, ஊரிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வாலே க்ரூசிஸ் மடம். 1201-இல் மடோக் என்ற வேல்ஸ் சிற்றரசர் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவியது. ஊர்ச் சந்தடி ஆகாது என்று ஒதுக்குப்புறத்தைத் தேடிப் போனவர்கள் அவர்கள். வேல்ஸ் மொழிப் புலவர் குட்டோர் க்ளின் கண்பார்வை இழந்து, முதுமையில் தளர்ந்து நின்றபோது, இந்த மடத்தின் தலைவர்தான் அவரை ஆதரித்தார். சோறு போட்டவரைப் புலவர் பாடினார். 1493-ஐ ஒட்டி அவர் காலமானார்.

அதன்பின் ஐம்பது ஆண்டுகள்கூட ஆகவில்லை, மடமே போய்விட்டது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1537-இல் இதையும் மூடினார்கள். கூரை போன பிறகு மழைக்கு எந்தச் சுவர் தாங்கும்? தேவாலயம் பாழடைந்தது. ஆனால் அதை ஒட்டிய கிழக்குக் கட்டடம் மட்டும் நன்றாக நிற்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பண்ணைக்காரர்கள் அதற்கு மறுபடியும் கூரை போட்டுக் குடியிருந்தார்கள். பக்தியும் கலையும் செய்யாத வேலையை அவர்களுடைய தேவை செய்தது.

வழிகாட்டிகள் பலர் முகப்பைக் காட்டியதும் “பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது” என்பார்கள். விடாதீர்கள். கிழக்குப் பக்கம் சுற்றி வந்தால் துறவிகளின் மீன்குளம் இருக்கிறது. இறைச்சியைத் தவிர்த்தவர்களுக்கு அதுதான் சமையற்கட்டு. காற்று அடங்கிய நேரத்தில் இடிந்த சுவர் முழுவதும் அந்த நீரில் தெரியும். பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.