சூடா, ஐஸா?



பினாங்கு டத்தோ கிராமாட் பக்கம் ஒரு கடையில் நால்வர் அமர்ந்தால் நான்கு விதமாகக் கேட்பார்கள். ஒருவருக்குத் தே தாரேக், ஒருவருக்குத் தே ஓ, அடுத்தவருக்குத் தே ஐஸ், நான்காமவருக்கு எலுமிச்சை பிழிந்த ஐஸ் தேநீர். நம் தோட்டத்திலும் அப்படித்தான். விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படுபவருக்குச் சூடு இதமாக இருக்கிறது. உச்சி வெயிலில் செம்பனைக் குலை இறக்கியவருக்கு ஐஸ் போட்டால்தான் களைப்பு தீருகிறது. இதில் வழக்கு எதற்கு? நாக்கு அவரவருக்குச் சொந்தம்.

ஆயினும், அந்த நாக்கு ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இளஞ்சூட்டில் தூக்கலாகத் தெரியும் இனிப்பு, குளிரில் மங்கிவிடும். வீட்டிலேயே சோதித்துப் பார்ப்போம். ஒரே தேநீரை ஒரே அளவு சீனியுடன் இரண்டு குவளைகளில் ஊற்றுவோம். ஒன்றை ஐஸ் பெட்டியில் வைப்போம்; மற்றதை இளஞ்சூடாக வைத்திருப்போம். பிறகு இரண்டிலும் ஒரு வாய் பருகினால், குளிர்ந்ததில் சீனி போதவில்லை என்றே தோன்றும். கைகள் உடனே சீனி டப்பாவைத் தேடும்.

டின் பாலிலோ எடையில் 40 முதல் 45 விழுக்காடு வரை சீனிதான். இதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பெரியவர் ஒருவர் உணவில் சேர்க்கும் சீனி நாளுக்கு 50 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ 12 தேக்கரண்டிக்குள், இருக்கவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் தந்த அறிவுரை. அதில் பாதியானால் இன்னும் நன்று. நாளுக்கு நான்கு குவளை, குவளைக்கு மூன்று கரண்டி என்றால், தேநீரிலேயே கணக்கு முடிந்துவிட்டது.

2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு இனிப்பு நீர் நோய் உள்ளது. இந்தியரிடையே இது இன்னும் அதிகம். தேநீர் மட்டுமே காரணமன்று. ஆனால் கண்ணும் சிறுநீரகமும் காலும் கெட்டால், உழைத்துச் சோறு போடும் ஒருவரைக் குடும்பமே தாங்கவேண்டி வருகிறது.

ஆகவே, கடையில் 'கூராங் மானிஸ்' என்று சொல்லிக் கேட்போம். வீட்டில் இரண்டு வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைப்போம். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும். சூடு விரும்புவோருக்கும் ஒரு சொல்: 65 பாகைக்கு மேற்பட்ட கொதிசூட்டில் பருகுவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என 2016இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் எச்சரித்தது. சற்று ஆறவிட்டுக் குடிப்போம்.

சூடோ ஐஸோ, விருப்பம்போல் பருகுவோம். சீனியை மட்டும் எண்ணிப் போடுவோம்.