வலிப்பு நோயும் நம் பிள்ளைகளின் கல்வியும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த சேரிகளில் கல்விவிளக்கு ஏற்ற எழுந்த நம் சங்கம் இன்று வெள்ளி விழாக் காண்கிறது. நம் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு வறுமை ஒரு காரணம். சாதிக் கொடுமை ஒரு காரணம். பலரும் வாய்திறந்து சொல்லாத காரணம் ஒன்றுண்டு. அதுவே காக்காய் வலிப்பு.

வகுப்பில் ஒருமுறை விழுந்த பிள்ளையைத் தனியே அமர்த்துகின்றனர். பின்னர் வீட்டிலேயே நிறுத்திவிடுகின்றனர். பெண்ணாயின் திருமணம் கருதி நோயையே மறைக்கின்றனர். இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட வலிப்புநோய்த் தடை, 1999-இல்தான் நீக்கப்பட்டது.

வலிப்பு பேயன்று, தெய்வக் குற்றமன்று, தொற்றுவதுமன்று. மூளை நரம்பணுக்களின் மின்னியக்கம் அளவு மீறுவதால் வருவது. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. அவர்களுள் ஐவரில் நால்வர் ஏழை, நடுத்தர வருவாய் நாடுகளில் வாழ்கின்றனர். முறையான மருத்துவம் கிட்டினால் பத்தில் எழுவர் வலிப்பின்றி வாழ இயலும். மருந்துக்கு அடங்காதவர்களுள், வலிப்பு மூளையின் ஓரிடத்திலிருந்தே எழுமாயின், அவ்விடத்தை அகற்றும் அறுவை மருத்துவம் உண்டு.

இது செல்வ நாடுகளுக்கே உரியது என்பாருளர். நமக்கு அண்மையிலுள்ள வேலூரே அதற்கு மறுமொழி கூறும். கனடாவில் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1952-இல் வலிப்புக்கான அறுவை அங்கே நடைபெற்றது. எம்.ஆர்.ஐ. கருவி இல்லாத காலம் அது.

1995-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் கே. ராதாகிருஷ்ணன் குழுவினர் இப்பணியை விரிவாகத் தொடங்கினர். எம்.ஆர்.ஐ. படமும், தலைமேல் பதிக்கும் மின்வரைவும் கொண்டே முடிவு செய்யத்தக்க நோயாளிகளை முதலில் தேர்ந்தெடுத்தனர். மண்டைக்குள் மின்முனை பதிக்கும் பெருஞ்செலவு அதனால் தவிர்ந்தது. வசதி குறைந்த நாட்டுக்கு இதுவே உகந்த வழி: எளியவற்றில் தொடங்கு, பயிற்சி பெற்ற குழுவை வளர், பின்னர் அரியவற்றை மேற்கொள்.

ஆயினும், நோயாளி வந்து சேராவிடில் எந்த நிலையமும் பயன்தராது. அந்த வழியைத் திறப்பது கல்விச் சங்கத்தின் கடமையுமாகும். விழுந்த பிள்ளையின் கையில் இரும்புச்சாவி திணித்தல் வேண்டா. ஒருக்களித்துப் படுக்க வைப்போம். வலிப்பு ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். மாத்திரையை இடையில் நிறுத்தவிடோம். பொருத்தமான இரு மருந்துகளை உரிய அளவில் உட்கொண்டும் அடங்காவிடில், "அறுவை பொருந்துமா?" என்று மருத்துவரிடம் துணிந்து கேட்போம்.

தீண்டாமையின் வலியை உடலால் அறிந்தவர்கள் நாம். நோயுற்ற பிள்ளையை நாமே தள்ளிவைத்தல் தகுமோ? அப்பிள்ளையை மீண்டும் வகுப்பில், மற்றவர் அருகில் அமர்த்துவோம். இவ்விழாவின் உறுதிமொழி அதுவாகுக.