உப்புக் கணக்கர் எழுதிய பாட்டு நாடகங்கள்

செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்.

போன மாதம் என் பேரன் மொபைலில் இத்தாலிக்காரர் வெர்டியின் ஓபெரா ஒன்றைக் காட்டி, "வசனத்தையும் பாட்டாகவே பாடுறாங்க, இது மாதிரி நம்மகிட்ட இருக்கா தாத்தா?" என்று கேட்டான். இருக்கிறதே! வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் விடிய விடியப் பாட்டிலேயே தர்க்கம் செய்வதை நீங்களும் திருவிழாக்களில் கேட்டிருப்பீர்கள். எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். வங்கியில் பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு அவர்மேல் தனிப் பாசம் வர அதுவும் ஒரு காரணம். ஆனால் அவர் 24 வயதிலேயே பேனாவை நாடகத்துக்கு மாற்றிக்கொண்டார். பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று வரிசையாக எழுதினார். 1918ல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து 'தத்துவ மீனலோசனி வித்வ பால சபை' தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள்தான். அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடித்தார் என்று டி.கே.சண்முகம் எழுதியிருக்கிறார். ஒரு நாள் வரவு செலவையே நான் எத்தனை முறை அடித்து எழுதியிருக்கிறேன்!

வெர்டி மிலான் நகரில் வயதான இசைக் கலைஞர்களுக்கு ஓய்வு இல்லம் கட்டினார். அவர் அடக்கமானதும் அங்கேதான். நம் சுவாமிகளுக்குக் குடும்பமும் இல்லை, வீடும் இல்லை. கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சும் போய்விட்டது. ஊரையே பாட வைத்தவருக்கு வாய் திறக்க முடியவில்லை. 1922 நவம்பர் 13ல் நம் புதுச்சேரியில் காலமானார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

வில்லியனூரிலிருந்து அரைமணி நேரப் பயணம். அந்தப் பக்கம் பாரதியின் குயில் தோப்புக்குப் பலமுறை போயிருக்கிறேன். சமாதிக்கு முதன்முதலாகப் போனது ஓய்வு பெற்ற பிறகுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நம் ஆண்டு விழாவுக்கு வருடா வருடம் மெல்லிசைக் கச்சேரி வைக்கிறோம். இந்த முறை வள்ளி திருமணம் வைக்கலாமா? இரவு முழுக்க வேண்டாம், தர்க்கம் மட்டும் இரண்டு மணி நேரம் போதும். ஆர்மோனியம், மிருதங்கம் வாசிப்பவர்களுக்கும் வருமானம் கிடைக்கும். குழந்தைகள் தூங்கிவிடுவார்கள் என்று பொருளாளர் சொல்கிறார். பபூன் மேடையேறட்டும், பிறகு பார்ப்போம்.

நவம்பர் 13 காலை ஏழு மணிக்குச் சமாதிக்குக் கிளம்புகிறேன். காரில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது.