குமாரமங்கலம் சுப்பராயனும் மொழிச் சிக்கலும்



முனைவர் ப. சுப்பராயன் நம் மண்ணின் மகன். திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தில், 1889ஆம் ஆண்டு, பெருநிலக்கிழார் குடியிற் பிறந்தவர். அன்று அவ்வூர் சேலம் மாவட்டம். 1997 முதல் நாமக்கல் மாவட்டம். சென்னையிலும் ஆக்சுபோர்டிலும் பயின்று சட்டம் கற்றுத் தேர்ந்தார். அவர் ஏறியிறங்கிய பொறுப்புகளை எண்ணப் புகின் விரல்கள் போதா.

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் சுயராச்சியக் கட்சியார் முந்தி நின்றும் ஆட்சியமைக்க மறுத்தனர். ஆகவே கட்சி சாராத சுப்பராயன் சென்னை மாகாண முதலமைச்சர் ஆனார். சைமன் குழுவை ஒதுக்கும் சிக்கலில் உடனிருந்த அமைச்சர் இருவரும் விலகிய பின்னர், நீதிக்கட்சியின் துணைகொண்டு 1930 வரை ஆட்சியை நடத்தினார். வகுப்புவாரி ஆணையை முத்தையா முதலியார் செயற்படுத்தியது இவ்வமைச்சரவையில்தான். இதனை நம்மவர் பலர் மறந்தே விட்டனர்.

இனி நெஞ்சை உறுத்தும் பகுதிக்கு வருகின்றேன். 1937இல் இராசகோபாலாச்சாரியார் அமைத்த பேராயக் கட்சி அமைச்சரவையில் சுப்பராயன் கல்வியமைச்சர். 1938 ஏப்பிரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. தலைமையமைச்சரும் சேலத்தார், கல்வியமைச்சரும் சேலத்தார்! ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைப்பட்ட நிலையில் உயிர் நீத்தனர். அமைச்சரவை விலகிய பின், 1940 பிப்பிரவரியில்தான் ஆளுநர் அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். அத்துறையின் பொறுப்பு சுப்பராயனுடையது. ஊர்ப்பற்றுக் கரணியமாக இதனை மறைத்தல் தமிழாசிரியனுக்கு அழகன்று.

அதன்பின் அவர் நடந்த வழி நீண்டது. ஓமந்தூரார் அமைச்சரவையில் உள்துறை, அரசியல் யாப்பு மன்றத்தில் உறுப்பு, இந்தோனேசியாவில் தூதர், நாடாளுமன்ற மாநிலங்களவை என்று அடுத்தடுத்து அமர்ந்தார். இடையே, 1938 முதல் 1946 வரை இந்திய மட்டைப்பந்து வாரியத்துக்கும் தலைவர். (அவ்விளையாட்டை விரித்துரைக்க எனக்குப் பயிற்சி இல்லை; தம்பியர் அறிவீர்கள்.)

1955இல் நடுவண் அரசு, கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையத்தை அமைத்தது. உறுப்பினர் இருபத்தொருவர். ஆங்கிலத்தை விலக்கி இந்தியை அவ்விடத்தில் அமர்த்தும் நெறியைப் பெரும்பான்மையோர் வரைந்தனர். 1956இல் அறிக்கை அளிக்கப்பட்டபோது, மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதியோர் இருவரே. ஒருவர் வங்கத்து மொழிநூலறிஞர் சுனீதிகுமார் சட்டர்சி. மற்றவர் யார்? பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இந்தியைக் கட்டாயமாக்கிய அமைச்சரவையின் கல்வியமைச்சர், நம் குமாரமங்கலத்தார்! இந்தி பேசாத மக்கள் அரசுப் பணிகளில் பின்தள்ளப்படுவர் என்பதும் ஆங்கிலம் தொடர்தல் வேண்டும் என்பதும் அவ்விருவரின் நிலைப்பாடு.

அவர் காத்தது ஆங்கிலத்தை அன்றோ, தமிழை அன்றே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி முறையானதே. தமிழுக்கு நடுவண் ஆட்சியில் அரியணை வேண்டும் என்று நாம் விரும்பும் அளவுக்கு அவர் சென்றாரல்லர். ஆயினும் அந்நாளில் அவர் ஆளுங்கட்சியைச் சார்ந்தவர். பத்தொன்பதின்மர் ஒருபுறம் நிற்க மறுபுறம் நிற்பது எளிதா? பழைய ஆணையை எடுத்துக்காட்டித் தம்மை இகழ்வர் என்பதை அவர் அறியாதவரா? அறிந்தே எழுதினார். எழுதியதனால் அவர் ஒதுக்கப்படவும் இல்லை. 1957இல் திருச்செங்கோட்டு மக்கள் அவரை மக்களவைக்கு அனுப்பினர். 1959 முதல் நடுவண் போக்குவரவு, செய்தித்தொடர்பு அமைச்சராக விளங்கினார்.

1962 ஏப்பிரலில் மராட்டிய மாநில ஆளுநரானார். அவ்வாண்டு அக்டோபரிலேயே மறைந்தார். ஆட்சிமொழிச் சட்டம் வந்தது அடுத்த ஆண்டு. மாணவர் தெருவில் இறங்கியது 1965இல்.

தம்பியரே, அவ்வறிக்கையும் இறுதியில் உள்ள இரு குறிப்புகளும் ஆங்கிலத்தில் அச்சானவை. ஆங்கிலம் நன்கறிந்த உங்களுள் நால்வர் கூடிச் சுப்பராயன் எழுதிய பகுதியை நல்ல தமிழில் பெயர்த்துத் தருவீராயின், சொல்லாய்ந்து திருத்தும் பணியை யான் ஏற்றுக்கொள்கின்றேன். வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்கலாம்.