காற்றில்லாத நாள்

(பழைய மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



"மாணவர்களுக்கு உபயோகமாக ஏதாவது பேசுங்கள்" என்றார் செயலாளர். நான் பறக்காமல் திரும்பிய ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

இமாசலப் பிரதேசத்தில் பில்லிங் என்றொரு மலைச்சரிவு. சுமார் 2,400 மீட்டர் உயரம். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். அங்கிருந்து கிளம்பினால் கீழே பீர் என்ற ஊரில் இறங்கலாம். ஓர் அக்டோபரில் எங்கள் விடுதி நண்பர்கள் நாலு பேர் போயிருந்தோம். எல்லோரும் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்தான்.

பாராகிளைடருக்கு எஞ்சின் கிடையாது. நொடிக்குச் சுமார் ஒரு மீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கும். உயர வித்தியாசம் ஏறக்குறைய 900 மீட்டர். ஆக, பதினைந்து நிமிஷம். அதற்கு மேல் மிதக்க வேண்டுமென்றால், வெயிலில் சூடாகி மேலே எழும் காற்று வேண்டும். அன்றைக்கு வானத்தில் மேகம். காற்றுக்கு ஒரே சோம்பல்.

நான் அவசரக்காரன். நல்ல காற்றைத் தேடி அங்கும் இங்கும் அலைந்து, பதினேழாவது நிமிஷம் தரைக்கு வந்துவிட்டேன். எங்கள் சிவில்காரன் ஒரு கழுகு சுற்றிய இடத்திலேயே பொறுமையாகச் சுற்றிச் சுற்றி ஐம்பது நிமிஷம் இருந்தான். "இருக்கிற கொஞ்சத்தை விட்டுட்டு எங்கடா போறது?" என்று சிரித்தான்.

எனக்கு ரோஷம். ஜீப் பிடித்து மறுபடி மேலே போனேன். மணி மூன்றரை. மேகம் கனத்து, சரிவு குளிர்ந்து, காற்று மலையிலிருந்து கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. திசை காட்டும் துணிப்பை மெல்லத் திரும்பியது. நான் வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

மெக்கானிக்கல்காரன் எனக்கு எதிரே வந்து நின்றான். "காத்து முதுகுல அடிக்குது. கழட்டு."

"ஜீப்புக்குக் காசு கொடுத்தாச்சுடா."

"அதை நான் தர்றேன். கழட்டு."

கழற்றும்வரை அவன் நகரவில்லை. ஜீப்பில் இறங்கும்போது அவனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு; கிளம்ப மணிக்கு 28 கி.மீ. வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்காற்று 8 கி.மீ. இரண்டையும் சேர்த்து 36 கி.மீ. வேகத்தை என் கால்கள் கொடுக்க வேண்டும். அதாவது நூறு மீட்டரைப் பத்து நொடியில் ஓட வேண்டும், முதுகில் சுமையோடு! ஓடியிருந்தால் சரிவில் உருண்டுதான் போயிருப்பேன்.

இது இதே கல்லூரியில் முதலாண்டில் படித்த சார்புத் திசைவேகம்தான். கணக்குத் தெரியாமல் இல்லை. ரோஷத்தில், கணக்குப் போட மனசு வரவில்லை.

தம்பி தங்கைகளே, வேலைக்குப் போனால் இப்படிப் பல மூன்றரை மணிகள் வரும். 'காசு கொடுத்தாச்சு, தேதி குறிச்சாச்சு, ஓடிடலாம்' என்று தோன்றும். அப்போது எதிரே வந்து நிற்கிற ஒரு நண்பனைச் சம்பாதித்துக்கொள்ளுங்கள். அவன் சொன்னால் கேளுங்கள்.

என் மெக்கானிக்கல்காரன் அதோ, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்கு ஜீப்பில் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன்: ரொம்ப நன்றிடா.