பாலத்தைக் கட்டியவர் யார்?

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் திரைக்கலை வல்லுநன் அல்லன். மெட்ரிக்குலேஷன் வரை கற்று, ரயில்வே அலுவலகம் ஒன்றில் எழுத்தனாகக் காலந்தள்ளுபவன். ஆயினும் போர்ப் படம் என்றால் எனக்கு உயிர். காதற் படமாயின் பாதியில் உறங்கிவிடுவேன் என்றும், பீரங்கி முழங்கினால் உடனே விழித்துக்கொள்வேன் என்றும் என் இல்லத்தரசி கூறுவதுண்டு. 1945-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் வெளியிட்ட 'பர்மா ராணி', சீனப் போரின் பின்னணியில் 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்', சேத்தன் ஆனந்தின் 'ஹகீகத்' ஆகியவற்றை ஆர்வத்தோடு பார்த்தவன் நான்.

இந்த ஆர்வத்திற்குக் காரணம் என்ன? கொலைவெறி அன்று. அலுவலகத்தில் ஒரு கோப்பு மேசை விட்டு மேசை செல்ல ஒரு திங்கள் ஆகிறது. 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' படத்திலோ, ஒரு சிறு குழுவினர் மலையேறிச் சென்று, குறித்த நாளுக்குள் மாபெரும் பீரங்கிகளைத் தகர்த்து விடுகின்றனர். எளிய மனிதர் சிலர் ஒன்றுகூடி அரிய செயலை முடிக்கும் காட்சி எழுத்தர்களாகிய எங்களுக்குப் பெரும் ஆறுதல்.

இப்படங்களுள் என் நெஞ்சில் நிலைத்து நின்றது 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957-இல் வெளிவந்து, ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற படம் அது. இலங்கையில் கித்துல்கல என்னுமிடத்தில், களனி ஆற்றின்மேல் பாலம் கட்டிப் படமாக்கினர். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படைவீரர் ரயில் பாலம் அமைப்பதே கதை. பாலம் முடிந்ததும், இதனைக் கட்டியவர் பிரித்தானியப் படைவீரர் என்று கர்னல் நிக்கல்சன் பெருமிதத்தோடு ஒரு பலகையை அறைந்து வைக்கிறார். அந்தப் பலகைதான் என்னைச் சிந்திக்கத் தூண்டியது.

கதை கற்பனையே, ஆனால் அந்த ரயில் பாதை மெய். சயாமையும் பர்மாவையும் இணைக்க, 1942-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. நீளம் 415 கிலோமீட்டர். அதில் உழைத்த போர்க் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். மாண்டவர் ஏறத்தாழ 12,000 பேர். இவர்களையன்றி மலேயா, பர்மா, ஜாவா ஆகிய நாடுகளிலிருந்து கொணரப்பட்ட கூலிமக்கள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர். அவர்களுள் மடிந்தவர் 90,000 அளவினர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. எழுத்தன் அல்லவா, வகுத்துப் பார்த்தேன்: கிலோமீட்டர் ஒன்றுக்கு இருநூறு கூலியாட்களுக்கு மேல்!

அவர்களுள் பல்லாயிரவர் மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர். போரினால் தோட்டங்கள் முடங்கிப் பிழைப்பற்றிருந்த அவர்களை நல்ல கூலி, குறுகிய கால வேலை என்று ஆசை காட்டி அழைத்தனர். பின்னர் வலிந்தும் பிடித்தனர். இலவசமாகச் சினிமா காட்டுவதாக அழைத்து, அரங்கின் கதவைச் சாத்தி, வந்தவர்களை அப்படியே ரயிலேற்றினர் என்றும் பதிவுகள் உள்ளன. சினிமா ஆசை கொண்ட எனக்கு இச்செய்தியைப் படித்தபோது உடல் நடுங்கிற்று.

1943-இன் மழைக்காலத்தில் காலரா பரவிற்று. கைதிகளுக்கோ தங்கள் படையின் மருத்துவர்கள் உடனிருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடிக்கும் கட்டுப்பாடும் இருந்தது. தோட்டத் தமிழனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. மாண்ட கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அப்பாதையில் ஓடிய ஜப்பானிய எஞ்சின் ஒன்று, தன் எண்ணோடு தோக்கியோவில் ஒரு காட்சிசாலையில் நிற்கிறது. இரும்புக்கு எண் உண்டு. நம்மவர்க்குப் பெயர்ப் பட்டியல்கூட முழுமையாக இல்லை. மஸ்டர் ரோலில் பெயரின்றி ஒரு கேங்மேனும் வேலை செய்ய முடியாத துறையில் இருப்பவன் நான். இதனை எங்ஙனம் பொறுப்பேன்?

இக்குறையைப் போக்க முயன்றோர் உண்டு. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலைப் படைத்தார். 2023-இல் தாய்லாந்துத் தமிழர் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் எழுந்தது. வீரன் பெயரைக் கல்லில் பொறித்த மரபு நம்முடையது. கல் எழுந்துவிட்டது, பெயர்கள் சேரவேண்டும்.

நமக்கும் இதில் பங்குண்டு. 1942 டிசம்பரில் நாம் வாழும் இக்கல்கத்தா மீதும் ஜப்பானியர் குண்டு வீசினர். அவ்வாண்டிலேயே பர்மாத் தமிழர் பலர் காடும் மலையும் கடந்து, அஸ்ஸாம் வழியே இந்தியாவுக்குள் நடந்து வந்தனர். நம் குடும்பங்களிலும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ சென்று திரும்பாத பாட்டனோ, பெரியப்பனோ இருக்கலாம். முதியோரைக் கேளுங்கள். பெயர், சொந்த ஊர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு: இந்நான்கையும் எழுதித் தாருங்கள். அடுத்த மலரில் இரண்டு பக்கம் அதற்கென ஒதுக்குமாறு செயலாளரை வேண்டுகிறேன். நகல் எடுக்கும் பணியை நானே ஏற்கிறேன்.

போர்ப் படம் பார்ப்பதை நான் விடப்போவதில்லை, நீங்களும் பாருங்கள். வெடியும் புகையும் அடங்கியபின், பாலத்தில் அறைந்த பலகையில் விடுபட்ட பெயர் யாருடையது என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள்.