கூடிக் கற்றலும் நினைவாற்றலும்



மாணவரைக் குழுவாக அமர்த்திக் கற்பித்தால் பாடம் மனத்தில் பதியும் என்பது இன்று பலரும் கூறும் கருத்து. இதனை மேலைநாட்டுப் புதுமை என்போர் பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரத்தை மறந்தவராவர். 13ஆம் நூற்றாண்டில் தோன்றிய அந்நூல் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் மாணவன் பெறுவது காற்பங்கே. உடன் கற்போரொடு பயில்வதால் மற்றொரு காற்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே கிட்டும். கேட்டலினும் உரைத்தல் இருமடங்கு பயன் தரும் என்பதன்றோ இதன் கருத்து!

திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இளையோர்க்குப் பாடஞ்சொன்னதும் இவ்வழியே. சென்னை எழும்பூரில் மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்த ஆண்ட்ரூ பெல், 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவியது.

உளவியலார் இதற்குச் சான்று தருகின்றனர். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, பாடத்தைத் திரும்பப் படித்தவரே முந்தினர். ஒரு வாரங் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர் முந்தினர். நினைவிலிருந்து எடுக்குந்தோறும் நினைவு வலுப்பெறுகிறது.

ஆயினும் கூடியிருத்தல் மட்டும் போதாது. குழுவாகச் சேர்ந்து நினைவுகூர்ந்தோர், தனித்தனியே நினைவுகூர்ந்தோரின் விடைகளைத் தொகுத்த அளவை எட்டவில்லை என 1997இல் வெல்டனும் பெல்லிங்கரும் காட்டினர். ஒவ்வொருவர் மனத்திலும் செய்திகள் ஒவ்வொரு வரிசையில் கிடக்கின்றன. பிறர் குரல் அவ்வரிசையைக் குலைக்கிறது. எனவே முதலில் தனியே நினைத்தல், பின்னர்க் குழுவில் உரைத்தல், அதன்பின் திருத்திக்கொள்ளல் என்பதே ஏற்ற முறையாகும்.

நால்வர் அமர்ந்த குழுவில் ஒருவன் உரைக்க மூவர் பார்த்தெழுதினால், அரைப்பங்கு அவ்வொருவனுக்கே உரியதாகும். வாய்திறவாக் குழந்தை காற்பங்கோடு வீடு திரும்புகிறது. நன்கு பேசுபவனையே மீண்டும் மீண்டும் எழுப்பிப் பேசவைக்கும் வகுப்பு, மற்றையோரின் பங்கை அறியாமலே பறித்துவிடுகிறது. குழுக் கற்றலின் வெற்றியை அக்குழந்தையின் குரல் கொண்டே அளத்தல் வேண்டும்.

ஆறுமுகநேரி உப்பளங்களில் உவர்நீர் பாத்தி மாறிச் செறிவடைந்த பின்னரே உப்பாகிறது. கல்வியும் கேட்டு, கலந்து, உரைத்து முதிர்வது. இலக்கிய வட்டத்திற்கும் இது பொருந்தும். கவிதை கேட்டுக் கைதட்டிச் செல்வோர் காற்பங்கே கொண்டு செல்கின்றனர். கேட்ட கவிதையை மற்றொருவர்க்கு விளக்கிச் சொல்பவரிடமே அக்கவிதை தங்குகிறது.